சின்னவளே முதலில் எடுக்கட்டும்

ஜனவரி 6

அண்ணா,

நானும் அப்பாவும் இங்கே இருக்கிறோம். சுகமாக இருக்கிறோம் என்று எழுதினால் பேனாவே சிரிக்கும். உன் இருமல் விட்டதா? அண்ணியின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? பிள்ளைகள் இரண்டு பேரும் ஒழுங்காகப் படிக்கிறார்களா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் அந்தச் சுற்றிலேயே நீ நழுவிவிடுவாய். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் என்று அம்மா உன்னைச் சும்மாவா சொன்னாள்?

எங்கள் சோப்புக் கம்பெனி இரண்டாவதாக ஒரு தொழிற்சாலை கட்டியிருக்கிறது. இங்கிருந்து ஒரு நாள் ரயில் தூரம். அங்கே பேக்கிங் பகுதிக்கு என்னை மேற்பார்வையாளராகப் போடலாம் என்று மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார். பதினெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும். பெல்ட்டில் பெட்டி வரும். மிஷின் பெட்டிக்கு நாலு சோப்புப் போட வேண்டும். அது கிழட்டு மிஷின், ஒன்று போடும், இரண்டு போடும், மிஞ்சிப் போனால் மூன்று. குறைகிறதை நான் போட்டு நாலாக்கி மூடித் தள்ள வேண்டும். மிஷினைப் பழுது பார்ப்பதைவிட எங்கள் கை மலிவு என்பதால் அது அப்படியே ஓடுகிறது. இப்போது வலது மணிக்கட்டு வீங்கி, காலையில் தலை வாரக்கூட முடியவில்லை. அங்கே போனால் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. நாற்பது வயதில் முதல் நாற்காலி.

முதல் ஆறு மாதம் பயிற்சி. பெண்கள் விடுதியில்தான் தங்க வேண்டும். பக்கவாதம் வந்து படுத்திருக்கும் அப்பாவை அங்கே கொண்டுபோக முடியாது. பயிற்சி முடிந்தால் தனி வீடு தருவார்கள், அதற்குப் பிறகு நானே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த ஆறு மாதம் மட்டும் அவரை நீ வைத்துக்கொள். ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு இது வேண்டும், அண்ணா. எதையும் வேண்டும் என்று உன்னிடம் இதுவரை நான் கேட்டதில்லை.

தபால்காரரை இன்றிலிருந்தே முறைத்துக்கொண்டிருக்கும்,
சின்னவள்

*

ஜனவரி 25

பாசமுள்ள தங்கைக்கு உன் அண்ணன் மனப்பூர்வமாக எழுதிக்கொண்டது.

இங்கே நாங்கள் நாலு பேரும் ஏதோ இருக்கிறோம். இருமல் குறைந்திருக்கிறது, அண்ணியின் இடுப்புதான் அவளைப் பாடாய்ப் படுத்துகிறது. காலேஜில் கணக்குப் பாடத்துக்குக் கேள்வித்தாள் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்ததால் பதில் எழுதத் தாமதம். மன்னித்துக்கொள்.

உன் கடிதம் படித்துக் கண் கலங்கிவிட்டேன், சந்தோஷத்தில்தான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். நீ முன்னுக்கு வந்தால் எனக்குத்தானே பெருமை? அப்பாவை நான் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்வேனா? ஆனால் இங்குள்ள நிலவரத்தையும் யோசி. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டே அறை. பெரியவளுக்கு இந்த வருஷம் பொதுத்தேர்வு. அண்ணி குனிந்து ஒரு பாத்திரம் எடுக்க முடியாதவள்.

நீ ஒரு நியாயம் சொல்வாய், நான் ஒரு நியாயம் சொல்வேன். கடைசியில் மனஸ்தாபம்தான் மிஞ்சும். நம் வீட்டில் அப்படி வந்ததே இல்லை. அப்பா அதற்கு ஒரு வழி வைத்திருந்தார், உனக்கு ஞாபகம் இருக்கும். இருபத்தொரு தீக்குச்சி. மாற்றி மாற்றி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்க வேண்டும். கடைசிக் குச்சி யார் கைக்கு வருகிறதோ அவர் தோற்றவர். தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது. அதே முறையில் இதையும் முடித்துக்கொள்வோம். தோற்றவர் (இந்தச் சொல்லே எனக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பாக்கியம் கிடைத்தவர் என்று வைத்துக்கொள்) அப்பாவை வைத்துக்கொள்ளட்டும்.

கடிதத்தில் இருபத்தொன்று ஆடினால் நமக்கே பக்கவாதம் வந்துவிடும். பதின்மூன்று போதும். வழக்கம்போல் சின்னவளே முதலில் எடுக்கட்டும். அந்த உரிமையை உன்னிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வராது.

அப்பாவிடம் நான் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் நலம் நாடும்,
பெரியவன்

*

ஜனவரி 29

அண்ணா,

கடிதம் வந்தது. எல்லோரும் நலமாக இருங்கள். அப்பா ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிடுகிறார். நான் ஷிப்டுக்குப் போகிற நேரத்தில் அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வந்து பார்த்துக்கொள்கிறாள்.

அப்பாவைக் குச்சியில் வைத்து ஆடுவதா என்று முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன். நீ முடியாது என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. எனக்குப் பாதி வாய்ப்பாவது தருகிறாய். ஆட்டம் பொதுவானதுதானே, குச்சிக்கு ஆண் பெண் தெரியாது. மில்லில் டைம்கீப்பராக இருந்த அப்பா வீட்டிலும் நியாயம் தவறக் கூடாது என்றுதான் அதை வைத்திருந்தார்.

ஆனால் என் ராசியை நீயே பார்த்திருக்கிறாய். ஜன்னலோரப் படுக்கை யாருக்கு என்று ஆடினால் நான் ஜெயிப்பேன். சைக்கிளில் முன்னால் யார் என்றால் நான். யார் வெளியூர் காலேஜுக்குப் போவது, யார் படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருப்பது என்று ஆடிய அன்று தோற்றேன். வகுப்பில் கணக்கில் முதல் மார்க் வாங்கிய பெண், பெட்டியைக் கட்டி உன் கையில் கொடுத்தேன். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருப்பது யார் என்று ஆடினோம், அதிலும் நான்தான். இருக்கிற அதிர்ஷ்டமெல்லாம் சில்லறையாகவே செலவாகிவிடுகிற ஆள் நான். இந்த ஒரு முறையாவது திரும்பட்டும்.

பதின்மூன்று குச்சியை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்திருக்கிறேன். நான் இரண்டு எடுக்கிறேன். மிச்சம் பதினொன்று. உடனே எழுது, தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது.

ஆவலோடு,
சின்னவள்

*

பிப்ரவரி 18

பிரியமான தங்கைக்கு,

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். இங்கே எனக்குத்தான் ஒரு வாரமாக வயிறு சரியில்லை. விடைத்தாள் கட்டு வேறு மலைபோல் கிடக்கிறது. கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே நாலு நாள் சுற்றியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பழைய கதையெல்லாம் எழுதியிருந்தாய். அதெல்லாம் எதற்கு இப்போது? நீ வீட்டில் இருந்ததால்தான் அம்மா கடைசிவரை நிம்மதியாக இருந்தாள். படித்தவர்கள் எல்லோரும் சாதித்துவிட்டார்களா என்ன? என்னையே எடுத்துக்கொள். இருபது வருஷமாக அதே கரும்பலகை, அதே சாக்பீஸ்.

நான் இரண்டு எடுக்கிறேன். மீதி ஒன்பது. உன் முறை.

அப்பாவுக்குக் கைகால் பிடித்துவிடுகிறாயா? டாக்டர் சொன்ன தைலத்தை விடாதே.

அக்கறையுடன்,
பெரியவன்

*

பிப்ரவரி 22

அண்ணா,

வயிற்றுக்கு வெந்நீர் குடி. வெளியில் சாப்பிடாதே.

தைலத்தை விடவில்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது என் மணிக்கட்டில்தான் அவருடைய பாரம் முழுக்க இறங்குகிறது. அதற்கும் அதே தைலம்தான். வீடு முழுக்க அந்த வாசனை.

மேனேஜர் இன்று, "என்னம்மா, வீட்ல பேசிட்டியா? எனக்கும் மேல பதில் சொல்லணும்ல" என்றார். "பேசிக்கிட்டே இருக்கோம் சார்" என்றேன். பேச்சு எப்படி நடக்கிறது என்று சொன்னால் அவர் சிரிப்பார்.

ஒன்று எடுக்கிறேன். மிச்சம் எட்டு. யோசித்து யோசித்துத்தான் ஒன்று எடுத்தேன், இரட்டைப்படையில் உன்னை நிறுத்தினால் நல்லது என்று ஏனோ தோன்றியது. சீக்கிரம் எழுது.

காத்திருக்கும்,
சின்னவள்

*

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு அண்ணனின் ஆசிகள்.

எல்லோரும் சௌக்கியம். வயிறு சரியாகிவிட்டது. பெரியவளின் தேர்வு நெருங்குவதால் வீட்டில் ஒருவரோடு ஒருவர் சத்தமாகப் பேசுவதுகூட இல்லை. அந்த மும்முரத்தில் உனக்கு எழுதுவது தள்ளிப்போய்விட்டது.

மூன்று எடுக்கிறேன். மீதி ஐந்து.

எது வந்தாலும் மனசைத் தளரவிடாதே. நம் கையில் என்ன இருக்கிறது? நடப்பது நடக்கும். எங்கே இருந்தாலும் அப்பாவுக்கு நல்ல கை கிடைத்தால் சரி. உன் கையைவிட நல்ல கை அவருக்கு எங்கே கிடைக்கப் போகிறது என்று அண்ணிகூட நேற்றுச் சொன்னாள்.

வாழ்த்துக்களுடன்,
பெரியவன்

*

மார்ச் 21

அண்ணா,

இந்தத் தடவை நலம் விசாரிக்கவில்லை. கடைசியில் விசாரிக்கிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் பெல்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். கை பாட்டுக்கு வேலை செய்கிறது, மனசு முழுக்க உன் ஐந்து குச்சி. இதுவரை ஆடியதை உற்பத்திச் சீட்டின் பின்பக்கம் எழுதி எதிரே ஒட்டியிருந்தேன். நான் இரண்டு, நீ இரண்டு. நான் ஒன்று, நீ மூன்று. மிஷின் ஒரு சோப்புப் போட்டது, நான் மூன்று போட்டேன். மிஷின் இரண்டு போட்டது, நான் இரண்டு போட்டேன். சீட்டைப் பார்த்தேன். என் கை நின்றுவிட்டது.

பதினோரு பெட்டி குறையோடு போய்விட்டது. சூப்பர்வைசர் ஓடி வந்து, "ஏம்மா, நின்னுக்கிட்டே தூங்குறியா?" என்று கத்தினார். "இல்ல சார், இப்பதான் முழிச்சேன்" என்றேன்.

நான் என்ன எடுத்தாலும் நீ அதை நாலாக்கிவிட்டாய். நான் உனக்கு மிஷின். கடைசிக் குச்சி என் கைக்கு வர வேண்டுமானால் என் முறையில் ஒன்று இருக்க வேண்டும். அதற்கு முன்னால் என் முறையில் ஐந்து இருக்க வேண்டும், அதற்கு முன்னால் ஒன்பது, பதின்மூன்று, பதினேழு, இருபத்தொன்று. ஆக, முதலில் எடுப்பவள் முதல் குச்சியைத் தொடும்போதே தோற்றுவிட்டாள். கடிதம் என்பதால் ஆட்டத்தைச் சுருக்குவோம் என்று எழுதினாயே, இருபத்தொன்றில் சரியாக எட்டைக் குறைத்தாய். இரண்டு பெட்டி. பன்னிரண்டு என்று ஏன் உன் பேனாவில் வரவில்லை? வந்திருந்தால் நான் மூன்றை எடுத்து உன்னை ஒன்பதில் நிறுத்தியிருப்பேன்.

சின்னவளுக்கு முதல் உரிமை. அதற்காக எத்தனை முறை உன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. தற்செயலாக இருக்கலாம், எங்கள் அண்ணன் அப்படிச் செய்வானா என்று எனக்கு நானே வக்கீலாக நின்றேன். ஜன்னலோரப் படுக்கையில் நான் ஜெயித்தேனே என்று வாதாடினேன். பிறகு அதுவும் புரிந்தது. உனக்கு வேண்டாத இடத்தில் நாலாக்காமல் விட்டிருக்கிறாய்.

வீட்டுக்கு வந்து ஒரு காரியம் செய்தேன். அப்பாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்து, மடியில் தட்டை வைத்து, பதின்மூன்று குச்சியைப் பரப்பினேன். "நீங்க முதல்ல எடுங்கப்பா" என்றேன்.

அவருக்கு என் பெயர் மறந்து மாதக்கணக்காகிறது. தையல்காரம்மா யார், நான் யார் என்று அவருக்குப் பிரித்துத் தெரியாது. குச்சிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நல்ல கையால், அந்த இடது கையால், தட்டை என் பக்கம் தள்ளினார். திரும்பவும் அவர் பக்கம் வைத்தேன். திரும்பவும் தள்ளினார், முகத்தில் கோபத்தோடு. நான் ஒன்று எடுத்தேன். அவர் மூன்று எடுத்தார். மூன்றாவது விரலிலிருந்து நழுவி விரிப்பில் விழுந்துவிட்டது, அதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் மூன்று எடுத்தேன். அவர் ஒன்று. நான் இரண்டு, அவர் இரண்டு. ஒரே ஒரு குச்சி தட்டில் கிடந்தது. அதை என் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினார்.

நான் அழுதேன். என்னவென்று கேட்க அவருக்குத் தெரியவில்லை.

ஐந்தில் நான் எதையும் எடுக்கப்போவதில்லை. உன்னிடம் கேட்பது இரண்டே கேள்வி. உனக்குத் தெரியுமா, தெரியாதா? குச்சியைத் தூக்கி அடுப்பில் போட்டுவிட்டு, ஆறு மாதம் அப்பாவை வைத்துக்கொள்வாயா, மாட்டாயா? ஏப்ரல் பத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. தபால் மூன்று நாலு நாளில் வரும்.

நீங்கள் எல்லோரும் நலமா?

சின்னவள்

*

ஏப்ரல் 8

பிரியமுள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலமே. பெரியவள் தேர்வு நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்கிறாள். அண்ணிக்கு இடுப்பில் பட்டை போட்டிருக்கிறார்கள். இங்கே திடீர் மழை. தபால்காரர் நனைந்து வந்ததில் உன் கடிதத்தின் நடுப்பக்கம் மை கலைந்துவிட்டது. ஏதோ கணக்கெல்லாம் எழுதியிருந்தாய் போலிருக்கிறது, சரியாகப் படிக்க முடியவில்லை. உடம்பை அலட்டிக்கொள்ளாதே. மணிக்கட்டுக்கு நல்ல டாக்டராகப் பார்.

எனக்குப் புரிந்தவரை மீதி ஐந்து, உன் முறை. சாவகாசமாக யோசித்து எழுது.

அப்பாவுக்கு என் வணக்கம்.

பெரியவன்

*

ஏப்ரல் 14

அண்ணா,

நலம். உங்கள் நலம் அறிந்தேன்.

பத்தாம் தேதி மாலைவரை பார்த்தேன். ஐந்து மணிக்கு மேனேஜர் அறைக்குப் போய், முடியவில்லை என்று சொன்னேன். அவர் நல்ல மனிதர், "ஒரு வாரம் முன்னாடி சொல்லியிருந்தா நானாவது ஏதாவது பாத்திருப்பேனேம்மா" என்றார். வேலை அடுத்த பெல்ட்டில் நிற்கும் கண்ணாடிக்காரிக்குப் போனது. எனக்கு ஆறு வருஷம் பின்னால் சேர்ந்தவள். எனக்குக் கிடைக்க வேண்டியதைத் தான் எடுத்துக்கொண்டதாக நினைத்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்தான் அவளைத் தேற்றி அனுப்பினேன்.

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி வந்தது. என் கடிதத்தின் நடுப்பக்கத்தில் மழை பெய்ததாக எழுதியிருந்தாய். அந்தக் கடிதம் ஒரே தாள், அண்ணா. முன்னும் பின்னும் எழுதியது. அதற்கு நடுப்பக்கமே கிடையாது.

சின்னவள்

*

ஏப்ரல் 17

என் கண்ணான தங்கைக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. காலேஜுக்குக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலை கைநழுவியது கேட்டு எனக்கு எவ்வளவு வருத்தம் என்று சொல்லி முடியாது. ஆனால் எல்லாம் நன்மைக்கே என்று எடுத்துக்கொள். புது ஊர், தெரியாத முகங்கள், இந்த வயதில் விடுதிச் சாப்பாடு. உனக்கு ஒத்துவந்திருக்குமா? அப்பாவும் பழகிய இடத்தில் பழகிய கையால் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பார்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தெரியும்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தார். "அவளையே முதல்ல எடுக்கச் சொல்லு, சந்தோஷப்படுவா. அவ எத்தனை எடுத்தாலும் நீ நாலாக்கிடு. சின்ன விஷயத்துல விட்டுக்கொடு, இல்லேன்னா சந்தேகம் வந்துடும். பெரிய விஷயம்னு ஒண்ணு வரும், அப்ப மட்டும் விடாதே" என்றார். "ஏம்ப்பா?" என்று கேட்டேன். "ரெண்டு பேர்ல ஒருத்தர் வீட்ல இருந்துதான் ஆகணும். நான் சொன்னா அவ என்னை வெறுப்பா. குச்சி சொன்னா யாரை வெறுப்பா?" என்றார்.

அவரைத் தப்பாக நினைக்காதே. வீடு உடைந்துவிடக் கூடாது என்று நினைத்தார். நான் சின்னப் பையன், அப்பா சொல்லைத் தட்ட முடியுமா? இத்தனை வருஷமும் இது என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருந்தது. இன்று உன்னிடம் சொன்ன பிறகு பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது. நீ பெரிய மனசுக்காரி, மன்னித்துவிடுவாய் என்று தெரியும்.

இனி அவசரம் ஒன்றும் இல்லை. அடுத்த விடுமுறையில் நாங்கள் எல்லோரும் வந்து அப்பாவைப் பார்க்கிறோம்.

பாரம் இறங்கிய மனதோடு,
பெரியவன்

*

ஏப்ரல் 22

அண்ணா,

நான் எழுதி ஏழாம் நாள் உன்னிடமிருந்து பதில் வந்தது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று வாரம். வயிறு, விடைத்தாள், தேர்வு, மழை. நான் குச்சியை எண்ணிக்கொண்டிருந்தேன், நீ ஏப்ரல் பத்தை எண்ணிக்கொண்டிருந்தாய். நீ குச்சி விளையாட்டில் தோற்றிருந்தாலும் எனக்கு வேலை கிடைத்திருக்காது. அதை முடித்த பிறகு, செலவில்லாத நாளாகப் பார்த்து, உண்மையைச் சொல்லியிருக்கிறாய். பாரம் இறங்கியது என்கிறாய். இறங்கும், எங்கே இறக்கினாய் என்று எனக்கல்லவா தெரியும்.

சின்னப் பையன் என்று எழுதியிருக்கிறாய். பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டவன் சின்னப் பையன்தான், ஒத்துக்கொள்கிறேன். பதினெட்டு வயதில் என் எதிரே உட்கார்ந்து ஆடியவனையும் போகட்டும் என்று விடுகிறேன். ஆனால் போன ஜனவரியில் உனக்கு நாற்பத்தொன்று. அப்பாவால் பேச முடியாது. உன் காதில் யாரும் எதுவும் ஓதவில்லை.

அப்பாமீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லையென்று சொல்ல மாட்டேன். நேற்று அவருக்குச் சோறு ஊட்டும்போது கை நின்றுவிட்டது. எனக்குக் கணக்கு வரும் என்று அவருக்குத் தெரியும், மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். கேட்டிருந்தால் ஒருவேளை நானே விட்டுக்கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்துக்கொண்டார். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தார், கொஞ்ச நேரம் காக்க வைத்தேன். பிறகு ஊட்டினேன்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். ஐந்தில் நான் எதை எடுத்தாலும் தோல்விதான். தோற்றுவிட்டேன், எழுதிக் கொடுக்கிறேன், வைத்துக்கொள். தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது என்பது அப்பாவின் சட்டம். நான் முணுமுணுக்கவில்லை, சத்தமாகவே சொல்கிறேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

இந்தக் கடிதம் உனக்கு இருபத்தாறாம் தேதி கிடைக்கும். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வண்டி வந்து சேரும். நடுவில் நீ பதில் எழுத நேரமில்லை. அதைப் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். ஸ்டேஷனுக்கு வா. வராவிட்டால் நேராக உன் காலேஜுக்கு வருவேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தாலும் சரி, உன் கரும்பலகைக்கு முன்னால் அவரை உட்கார வைப்பேன். மூன்று மாடிக்கு இரண்டு சுமைதூக்கிகளைப் பேசினால் ஐந்து நிமிஷம்.

தையல்காரம்மா, "வேலைதான் போயிடுச்சே, இனிமே எதுக்கும்மா அவரை அலைக்கழிக்கிற?" என்று கேட்டாள். "அவர் ஆசைப்பட்டு ஜெயிக்க வச்ச பிள்ளை வீட்ல அவரும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரிய வைக்கவும் இல்லை. நான் உன் வாசலோடு திரும்பிவிடுவேன், திங்கட்கிழமை காலை ஷிப்ட்.

அவரைப் பார்த்துக்கொள்ளும் விதம் எழுதுகிறேன், அண்ணியையும் படிக்கச் சொல். சோற்றை நன்றாகக் குழைத்து, இடது கடைவாய்ப் பக்கம் வைக்க வேண்டும். வலது பக்கம் வைத்தால் அப்படியே நிற்கும், விழுங்கத் தெரியாது. தண்ணீரை ஸ்பூனில் கொடு, டம்ளரில் கொடுத்தால் புரை ஏறும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை, இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். தைலத்தைச் சூடாக்காதே. முகச்சவரம் செய்யும்போது கன்னத்தை விரலால் இழுத்துப் பிடி.

இன்னொன்று. இதை உனக்கு நான் எழுதியதே இல்லை. அவருக்குப் பேச்சு வராது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஒரே ஒரு சொல் வரும். காலையில் கண் விழித்ததும் "பெரியவனே" என்று கூப்பிடுவார். பதில் வரும்வரை கூப்பிட்டுக்கொண்டே இருப்பார், முகம் கோணும், கண்ணில் நீர் வரும். அதனால் பதினான்கு மாதமாக நான்தான் குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டு, "இங்கதாம்ப்பா இருக்கேன்" என்று சொல்கிறேன். உடனே அமைதியாகிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதை நீயே சொல்.

சின்னவள்